பின் ஆசனத்துப் புகை வரி

ஸஹாப்தீன் மிச்சக் காசு கொடுப்பதற்கு முன் ஒரு வாதம் கொடுப்பார். மாத்தளையிலிருந்து றத்தோட்டை வழியாகப் பல்லேகமைக்கு மாலையில் ஓடும் பழைய பஸ்ஸின் முதலாளியும் கொண்டக்டரும் அவரே. கனத்த உடல், கட்டம் போட்ட சாரம், பயணிகளின் தலைகளைத் தாண்டிச் செல்லும் குரல். மரக்கறி விலை, கிரிக்கெட், கல்யாண வீட்டுப் புரியாணி என எதைப் பற்றியும் எந்தப் பக்கத்திலிருந்தும் பேச வல்லவர். தோற்றதாக அவர் ஒப்புக்கொண்டதை எவரும் கண்டதில்லை.

பஸ் சமதரையில் சாதுவாக ஓடும். மலை ஏறத் தொடங்கியதும் கரும்புகை கக்கும். அப்புகையில் ஒரு பகுதி பின்பக்கத்து ஓட்டைகள் வழியாக உள்ளே திரும்பி வந்து, கடைசி ஆசனத்தில் இருப்பவர்களுடன் பயணம் செய்யும்.

இரண்டாயிரத்து எட்டாம் ஆண்டில் அதே பாதையில், அரை மணி நேரம் பிந்தி, அரசாங்க பஸ் ஒன்றும் ஓடத் தொடங்கியது. ஸஹாப்தீனுக்கு அன்று பிடித்தது கவலை. நகரத்தில் வேலை செய்துவிட்டுத் தோட்டங்களுக்குத் திரும்பும் சனங்களை நம்பியே அவர் பிழைப்பு நடந்தது. அவர்கள் மாறிவிட்டால் பஸ்ஸைக் கோழிக்கூடாக்க வேண்டியதுதான் என்று மனைவி மஸீஹாவிடம் புலம்பினார்.

இந்த நிலையில்தான், முன் ஆசனத்தை நிரந்தரமாகப் பிடித்திருந்த தபாற்கந்தோர் எழுதுவினைஞர் பொன்னையா ஒருநாள் பத்திரிகையை உரக்க வாசித்தார்.

"கரியமில வாயு விடுறவங்க மேல வரி போடணும்னு உலகம் பூரா பேச்சு நடக்குதாம். நல்ல காரியம்தான்."

ஸஹாப்தீன் விடுவாரா?

"யாருக்கு ஐயா வரி? ஒங்கள ஏத்திக்கிட்டுத்தானே பஸ் பொகை விடுது! அறுவது பேர் போற வண்டிட பொகைய அறுவதாப் பிரிங்க. தனியா கார்ல போறவர்ட பொகைய ஒண்ணால பிரிங்க. பொறகு வாங்க வரிக்கு!"

கடைசி ஆசனத்திலிருந்து ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்யும் கமலாட்சி குரல் கொடுத்தாள். ஸஹாப்தீனை அவள் அண்ணன் முறையில் 'நானா' என்றே அழைப்பாள்.

"பிரிக்கிறதெல்லாம் சரி நானா. முழுங்குறது நாங்க மட்டும்தானே! முன்னுக்கு இருக்கிற ஐயா காத்து வாங்குறாரு. வரி போட்டா அந்தக் காச முழுங்குறவங்களுக்குக் குடுக்கணும். இல்லாட்டி நாங்க எல்லாரும் கவுருமெண்டு பஸ்ஸுல போயிருவோம்."

பஸ் முழுவதும் சிரித்தது. ஸஹாப்தீன் சிரிக்கவில்லை.

மறுநாள் அவர் தம் சட்டத்தை அறிவித்தார்: முன் ஆசனங்களுக்குக் கட்டணம் சற்றுக் கூடும்; கடைசி ஆசனத்துக்குக் கழிவு போகப் பாதிக் கட்டணம்.

"வரி நல்லதுன்னு நான் பொதுவாத்தானே சொன்னேன், மொதலாளி!" என்று பதறினார் பொன்னையா.

"பொதுவாச் சொன்னத நான் தனியா வாங்குறேன் ஐயா."

சட்டத்தின் பலன் உடனே தெரிந்தது. காலங்காலமாக யாரும் விரும்பாத கடைசி ஆசனத்துக்கு அடிபிடி தொடங்கியது. ஐவர் அமரும் இடத்தில் எண்மர் நெருக்கிக்கொண்டு, மூக்கைப் பொத்தியபடி மகிழ்ச்சியாக இருமினர்.

யுத்த காலமாதலால், வழியிலிருந்த சோதனைச் சாவடியில் எல்லோரும் இறங்கி, அடையாள அட்டையைக் காட்டி, நடந்து போய் மறுபடி ஏற வேண்டும். ஒருநாள் அவ்வாறு ஏறும்போது கூட்டம் முழுவதும் பின் ஆசனத்தை நோக்கிப் பாய்ந்தது. குடையை முன்னே நீட்டியபடி பாய்ந்தவர் பொன்னையா. இதைக் கண்ட சிப்பாய்க்குச் சந்தேகம் வந்தது. பின்னால் என்ன இருக்கிறது என்று சிங்களத்தில் கேட்டான்.

"புகை, சேர்," என்று அதே மொழியில் உண்மையைச் சொன்னார் ஸஹாப்தீன்.

வெடிகுண்டு தேடுபவனுக்கு அந்தச் சொல் போதுமானதாயிற்று. அட்டைகள் பறிக்கப்பட்டன; பயணிகள் வீதியின் மறுபக்கத்துக்கு விரட்டப்பட்டனர். ஆசன மெத்தை கழற்றப்பட்டது. அடியிலிருந்து ஒரு பலாக்காய் மட்டுமே வெளிவந்தது. இறுதியில் சிப்பாய் தானே பின்னால் அமர்ந்து, பஸ்ஸை மேட்டில் ஏற்றச் சொன்னான். கண்ணீர் வழிய இருமிக்கொண்டே இறங்கியவன், "இதற்காகவா அடிபடுகிறீர்கள்?" என்று கேட்டான்.

அதற்குள் அரசாங்க பஸ் அவர்களைத் தாண்டிச் சென்றது. அட்டைகள் சிப்பாயின் கையில் இருந்திராவிட்டால் அத்தனை பேரும் அதில் ஏறியிருப்பார்கள்.

"பாத்தீங்களா நானா, அந்த பஸ்ஸு எவ்வளவு சுத்தமாப் போகுது!" என்றாள் கமலாட்சி.

அடுத்த இரண்டு நாளும் பஸ் அலுவிகாரையில் ஒரு கராஜில் நின்றது. டீசல் பம்ப் செப்பனிடப்பட்டது. ஓட்டைகளுக்குத் தகடு அடிக்கப்பட்டது. அந்த இரண்டு நாளும் தோட்டத்துச் சனங்கள் அரசாங்க பஸ்ஸில்தான் போனார்கள்.

மூன்றாம் நாள் அவர்கள் வருவார்களா என்று ஸஹாப்தீன் பஸ்ஸின் வாசற்படியில் நின்று வழி பார்த்தார். கமலாட்சியும் கூட்டாளிகளும் வந்து ஏறினர். பஸ் மலை ஏறியது. புகை இல்லை.

"பொகை இல்லாட்டி வரியும் இல்ல, கழிவும் இல்ல. எல்லாருக்கும் ஒரே காசு!" என்று முழங்கினார் ஸஹாப்தீன்.

"சரி நானா. இனி வராத புகைக்குக் கழிவு வேணாம். இம்புட்டு வருஷமா முழுங்கினதுக்கு?" என்று கேட்டாள் கமலாட்சி.

பொன்னையா அவசரமாகப் பத்திரிகையை விரித்தார். "இதுலயும் அதான் போட்டிருக்கு. பழைய புகைக்கும் பணக்கார நாடுங்கதான் பொறுப்புன்னு ஏழை நாடுங்க சொல்லுதாம்."

"நான் எப்ப ஐயா பணக்கார நாடானேன்?"

சிரிப்பு அடங்குமுன் கமலாட்சி இறங்கும் இடம் வந்துவிட்டது. ஸஹாப்தீன் மணியை அடித்தார்.

"இது லேசுல முடியிற பேச்சில்ல தங்கச்சி. நாளக்கிப் பேசுவோம்."

"பேசுவோம். முன்னுக்கு எடம் புடிச்சு வைங்க," என்று சொல்லிக்கொண்டே அவள் இறங்கினாள்.