மாற்றாமல் விட்ட கேபிள்

கடலூர் சிப்காட் பக்கம் சின்னதாக ஒரு மெக்கானிக் கடை வைத்திருக்கிறேன். கிள்ளையிலிருந்து மீன் வண்டி ஓட்டும் ஒரு பெண், தன் பழைய மினி லாரியின் ஹேண்ட் பிரேக் கேபிள்கள் இரண்டையும் மாற்றச் சொன்னார். இடது பக்கத்துக் கேபிள் துருவேறிக் கழலவே இல்லை. சோம்பலில் வலது பக்கத்தை மட்டும் மாற்றி, தொய்வை இழுத்துப் பிடிக்கும் அட்ஜஸ்ட் நட்டை முறுக்கிவிட்டேன். பிரேக் லீவர் கெட்டியாகத்தான் இருந்தது. "ரெண்டும் புதுசும்மா" என்றேன்.

பத்து நாளில் திரும்ப வந்தார். சரிவில் நிறுத்தியிருந்த வண்டி பின்னால் உருண்டு, மீன் பெட்டி இறக்கிக்கொண்டிருந்த அவர் கணவரின் காலை முறித்திருந்தது.

"நான்தான் பிரேக்க சரியா இழுக்கல போல அண்ணே. இனிமே வண்டிய தொடாதன்னு வூட்டுல சொல்லிட்டாங்க."

அதற்கு நான் சொன்ன பதில் இதுதான்: "பாத்து இழுக்கணும்மா."

வண்டிக்கு அடியில் படுத்தேன். இடது கேபிள் அறுந்து தொங்கியது. என் மேலேயே காறித் துப்பத் தோன்றியது. வெளியே வந்து, அறுந்த துண்டை அவர் கையில் கொடுத்து, செய்ததைச் சொன்னேன்.

அவர் கத்தவில்லை. "இத எங்க வூட்டுல வந்து சொல்லுங்க" என்றார்.

இரண்டையும் மாற்றி, இரு சக்கரமும் சமமாகப் பிடிக்கும்வரை அட்ஜஸ்ட் செய்துவிட்டு, அவரோடு கிள்ளைக்குப் போனேன். கட்டுப் போட்ட காலோடு கிடந்த கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என் முகத்தையே பார்க்கவில்லை. மனைவியிடம், "நாளைக்கு நீயே ஓட்டிக்கினு போ" என்றார்.

வேலையில் ஏமாற்றியதைக்கூட ஒருநாள் மறந்துவிடுவேனோ என்னவோ. என் தப்பை அந்தப் பெண் தன்மேல் போட்டுக்கொண்டபோது, அதை அப்படியே அவர் தலையில் கட்டப் பார்த்தேனே, எனக்குள் இருக்கும் அந்த ஆளோடு சேர்ந்துதான் இன்னும் வாழ்ந்துகொண்டிருக்கிறேன்.