கண்ணாடிக்குப் பின்னால் ஆயிரம்

அத்தையின் வலது கை மார்பின் மேல் இருந்தது. புருவம் பாதி உயர்ந்து, வாய் லேசாகத் திறந்திருந்தது. அந்தக் கோலத்திலேயே திரையில் நின்றுபோனாள்.

அந்தப் பக்கம், மருத்துவமனை அறையில் படுத்திருந்த கர்ப்பிணிக்குக் காது கேட்காது. டாக்டர் பேசுவதை அத்தை வீடியோவில் சைகையில் சொல்வாள். அவள் பார்த்துப் புரிந்துகொள்வாள். அன்று டாக்டர் சொன்னது இவ்வளவுதான்: "குழந்தையோட இதயத் துடிப்பு ரொம்ப நல்லா இருக்கு." அத்தை குழந்தையைக் காட்டினாள், இதயம் என்று மார்பைத் தொட்டாள், படம் நின்றது. மீதி போய்ச் சேரவில்லை.

வயிற்றில் ஸ்கேனுக்குத் தடவிய குளிர்ந்த பசையோடு படுத்திருந்தவள், அசையாத அந்தக் கையையும் கவலைப்படுவதுபோல் தெரிந்த முகத்தையும் பார்த்துக்கொண்டே இருந்தாள். டாக்டர் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். அவரை அவள் பார்க்கவில்லை. படம் மறுபடி ஓடத் தொடங்கியபோது முகத்தை இரண்டு கைகளாலும் மூடிக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். கண்ணை மூடிக்கொண்டவளிடம் சைகையில் எதைச் சொல்ல முடியும்? நர்ஸ் தோளைத் தட்டித் தட்டி அவளைத் திரையைப் பார்க்கவைக்கும்வரை, அத்தை பின்னறையில் தனியாக உட்கார்ந்து "நல்லா இருக்கு, நல்லா இருக்கு" என்று காற்றில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அன்று மாலையே வேலை கொடுக்கும் நிறுவனத்திலிருந்து மேற்பார்வையாளர் பேசினார்.

"மேடம், படம் நிக்கிறது இது முதல் தடவை இல்ல. மத்த கேஸ்னா சமாளிச்சிடலாம். இது பிரசவ கேஸ். அடுத்த செக்கப்ல ஒரு தடவை நின்னாலும் ஸ்டூடியோவுல இருக்கிற வேற ஆளுக்கு மாத்திடுவோம்."

"அந்தப் பொண்ணு ஆரம்பத்துலேர்ந்து என்கூடத்தான் இருக்கா. வேற ஆள் கை அவளுக்குப் பழக்கமில்ல."

"எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு. நெட்டைச் சரி பண்ணுங்க."

அத்தை என் அப்பாவின் தங்கை. கல்யாணத்துக்கு முன்பு ஒரு பேருந்து நிறுவனத்தில் டிக்கெட் கொடுக்கும் ஜன்னலில் உட்கார்ந்திருந்தாள். துணி வாங்கப் பக்கத்து ஊருக்குப் போகும் தையற்காரர் ஒருவர் அடிக்கடி அங்கே வருவார். காது கேட்காது, பேச வராது. போகும் ஊரைத் துண்டுக் காகிதத்தில் எழுதி நீட்டுவார். ஒருநாள் அத்தை அந்தக் காகிதத்தைக் கையால் தள்ளிவிட்டு, தானே கற்றுக்கொண்டு வந்திருந்த சைகையில் "எங்க போகணும்?" என்று கேட்டாள். அவர் போகவேண்டிய ஊரையே மறந்துவிட்டாராம். இப்போது அவர் எங்கள் மாமா. "இந்த வீட்டுல சத்தமே இல்லாம சண்டை நடக்கும். பக்கத்து வீட்டுக்காரங்களுக்கு அதுல ரொம்ப வருத்தம்" என்பார் அப்பா.

சைகை பேசுகிறவர்கள் ஒருவருக்கொருவர் கையால் ஒரு பெயர் வைத்துக்கொள்வார்கள். அத்தைக்கு மாமா வைத்த பெயர், மூடிய முஷ்டியால் உள்ளங்கையில் இரண்டு தட்டு. அர்த்தம் கேட்டால் சிரிப்பார். பிடிவாதம் என்று அவர்கள் மகள்தான் ஒருநாள் போட்டு உடைத்தாள்.

அந்தப் பிடிவாதத்தோடுதான் அத்தை இந்த வேலைக்கு வந்தபோது ஃபைபர் இணைப்பு வாங்கினாள். இருப்பதிலேயே பெரியது, ஆயிரம் எம்பி வேகம். லைன்மேன் வந்து பெட்டியைப் பொருத்தி, கம்பியைத் தன் லேப்டாப்பில் செருகித் தொள்ளாயிரத்துச் சொச்சம் என்று திரையில் காட்டிவிட்டுப் போனார். அத்தை அந்த எண்ணை நம்பினாள். அதனால் படம் முதன்முதலில் நின்றபோது அவள் பழி போட்டது மகள்மேல்.

"நீ அந்தப் பக்கம் கார்ட்டூன் பாத்தா எனக்கு இந்தப் பக்கம் நிக்குது. நான் பேசுறப்ப எதையும் போடாத."

மகள் போடவில்லை. படம் அப்போதும் நின்றது.

"இப்ப யாரைத் திட்டுவீங்க?" என்று கேட்டாள் அவள். ஆறாம் வகுப்புதான், வாய் மட்டும் கல்லூரி.

மேற்பார்வையாளர் பேசிய மறுநாள் காலையில் அத்தை இணைய நிறுவனத்தின் புகார் எண்ணைக் கூப்பிட்டாள்.

"செக் பண்ணிட்டேன் மேடம். உங்க வீட்டுக்கு ஆயிரம் சரியா வருது."

"வீட்டுக்கு வருது. எனக்கு வரலையே?"

"வேணும்னா ரெண்டாயிரம் ப்ளான் இருக்கு மேடம். மாத்தித் தரட்டுமா?"

மாமா வாங்கிவிடலாம் என்று கை காட்டினார். அத்தை போனை வைத்துவிட்டாள். வந்த ஆயிரம் எங்கே போனது என்று தெரியாமல் இன்னொரு ஆயிரத்தை வாங்கி எங்கே விடுவது?

மாமாவின் மேசையிலிருந்து துணியில் கோடு போடும் சாக்கட்டி ஒன்றை எடுத்துக்கொண்டாள். லேப்டாப்பை இடது கையில் ஏந்தி வேகம் அளக்கும் பக்கத்தைத் திறந்தாள். பின்னறையிலிருந்து ஆரம்பித்தாள். தையல் இயந்திரத்தின் அதிர்வும் தொங்கும் துணிகளும் இல்லாத அறை என்பதால் அதைத் தன் வேலைக்கு வைத்திருந்தாள். கைகள் தெளிவாகத் தெரிய முதுகுக்குப் பின்னால் மாமா தைத்த நீலத் திரை. அங்கே வந்தது பதினொன்று. தரையில் குனிந்து 11 என்று எழுதினாள். சமையலறையில் 35. நடையில் 60. அறை அறையாக, மூலை மூலையாகப் போனாள். வீடு பாதி தைத்த சட்டைபோல் வெள்ளைக் குறிகளால் நிறைந்தது.

முன்னறையில் மாமா இயந்திரத்தில் குனிந்திருந்தார். அவருக்கு எதிரே சுவரில் ஆளுயரக் கண்ணாடி. துணி போட்டுப் பார்க்க வருகிறவர்களுக்காக வாங்கியதுதான். ஆனால் அதன் உண்மையான உபயோகம் மாமாவுக்கே. வாசல் பக்கவாட்டில், அவர் முதுகுக்குப் பின்னால் இருக்கும். யார் வந்தாலும் காலடிச் சத்தம் அவருக்குக் கிடையாது; கண்ணாடியில் நிழல் அசைந்தால் நிமிர்வார். அத்தை வந்ததையும் அப்படித்தான் பார்த்து, தரையிலிருந்த எண்களைக் காட்டி, "என்ன, வீட்டுக்கே அளவு எடுக்கிறியா?" என்று கேட்டார்.

கண்ணாடி முன்னால் நின்று அளந்தாள். 110. இன்டர்நெட் பெட்டிக்கு இரண்டடி தூரத்தில் நூற்றுப்பத்து. நம்பாமல் மறுபடி அளந்தாள். அதேதான். கோபத்தில் வாசலுக்கு வந்து, படியிறங்கி, வீட்டைச் சுற்றித் தெருவுக்குப் போய் நின்று அளந்தாள்.

410.

எதிர்வீட்டுக்காரர் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். "என்னம்மா, லேப்டாப்பைத் தூக்கிட்டுத் தெருவுல?"

"காசு கட்டுறது நானு. வேகம் உங்க செடிக்குப் போகுது" என்றாள் அத்தை.

உள்ளே வந்து கண்ணாடி முன்னால் நின்றாள். கையில் லேப்டாப்பும் முழங்கையெல்லாம் சாக்கட்டிப் பொடியுமாகத் தன்னையே பார்த்தாள். பிறகு கண்ணாடியைச் சுவரிலிருந்து ஒரு விரல் இடைவெளிக்கு நகர்த்தி உள்ளே எட்டிப்பார்த்தாள். பச்சை விளக்குகள் மினுக் மினுக்கென்று எரிந்தன.

அது தெருப்பக்கச் சுவரில் இருந்த ஒரு மாடம். பெட்டியை அங்கே வைத்தவர் மாமா. அந்த வீட்டில் அழைப்பு மணி அடிக்காது. யாராவது பொத்தானை அழுத்தினால் ஒரு விளக்கு மினுக்கும். அதனால் மினுக்கும் எந்த வெளிச்சமும் மாமாவுக்கு வாசலில் ஆள் என்று அர்த்தம். லைன்மேன் பெட்டியைத் திறந்த அலமாரியில் வைத்துவிட்டுப் போன பிறகு மாமா ஒரு நாள் முழுக்க எழுந்து எழுந்து கதவைத் திறந்தார். ஒரு காலர்கூடத் தைத்து முடியவில்லை. அதனால் கம்பி எட்டும் மாடத்தில் பெட்டியைத் தள்ளி, பக்கத்துச் சுவரிலிருந்த கண்ணாடியைக் கழற்றி அதன்மேல் மாட்டிவிட்டார். அத்தை அன்று பார்த்துவிட்டு, "இப்பத்தான் வீடு மாதிரி இருக்கு" என்று பாராட்டினாள். கண்ணாடியின் முதுகில் பூசியிருக்கும் உலோகப் பூச்சு அலையைத் திருப்பித் தெருவுக்கே அனுப்பிவிடும் என்று இருவருக்கும் தோன்றவில்லை.

விஷயம் புரிந்ததும் மாமா எழுந்து கண்ணாடியைக் கழற்றப் போனார். அத்தை அவர் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"கழட்டிட்டா வாசலை எப்படிப் பாப்பீங்க?"

"திரும்பித் திரும்பிப் பாத்துக்கிறேன்."

"ஊசியில விரலைக் குடுப்பீங்க. கண்ணாடி இருக்கட்டும். பெட்டிதான் வெளிய வரணும்."

"அந்த விளக்கு?"

"விளக்கை மூடுங்க. நீங்கதானே தையற்காரரு."

ஃபைபர் கம்பியை மடக்கினால் உடைந்துவிடும் என்பதால் லைன்மேனைக் கூப்பிட்டார்கள். அவர் மாடத்தைப் பார்த்துவிட்டு இடுப்பில் கை வைத்துக்கொண்டார்.

"அக்கா, நான் வெளியதானே வச்சேன். இதை யாரு ஒளிச்சு வச்சது?"

மாமா கையைத் தூக்கினார், வகுப்பில் பதில் தெரிந்த பையன்போல்.

பெட்டி உள்சுவரில் உயரமான திறந்த பலகைக்கு வந்தது. விளக்குகள்மேல் மட்டும் கறுப்பு லைனிங் துணியில் அளவாக வெட்டிய ஒரு பட்டையை மாமா ஒட்டினார். சூடு வெளியேறும் துளைகளைத் தொடவில்லை. அத்தை மறுபடி நடந்தாள். பெட்டியின் கீழே 580. சமையலறையில் 240. பின்னறையில் 80.

"ஆயிரம் எங்க?" என்று கேட்டாள்.

"ஆயிரம் பெட்டி வரைக்கும் வருதுக்கா. அதுக்கப்புறம் காத்துல போகுது. உங்க லேப்டாப் இருக்கிற இருப்புக்கு, பெட்டியை மடியில வச்சிக்கிட்டாலும் அறுநூறைத் தாண்டாது. ரெண்டு சுவர் தாண்டி எண்பது வர்றது நல்ல வேகம்தான்."

"இதை விக்கிறப்பவே சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா எண்பது எம்பி ப்ளான்னு யாரு வாங்குவா?" என்று சிரித்தார். பிறகு, "வீடியோ பேச நாலஞ்சு போதும்கா. எண்பதெல்லாம் உங்களுக்குத் தாராளம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. மகள் கார்ட்டூனைப் போட்டாள். அத்தை மட்டும் பின்னறையில் உட்கார்ந்து திரும்பத் திரும்ப அளந்துகொண்டிருந்தாள். 80. 74. 82. 2. 78.

அந்த இரண்டைப் பார்த்தவள் எழுந்திருக்கவில்லை. இன்னும் சில தடவை பார்த்தாள். மகள் படம் மாற்றும்போதோ, பக்கத்து வீடுகளின் வைஃபை மோதும்போதோ, காரணமே இல்லாமலோ, எண் சட்டென்று விழுந்து எழுந்தது. சினிமா பார்க்கிறவர்களுக்கு அது தெரியக்கூடத் தெரியாது.

மாமா அறை வாசலில் வந்து நின்றார். "எண்பது போதும்னு அவரே சொல்லிட்டாரே."

"எண்பது போதும். நடுவுல விழற ரெண்டுதான் ஆகாது. அது விழற நேரத்துல டாக்டர் என்ன சொல்லிக்கிட்டிருப்பாரோ, யாருக்குத் தெரியும்?"

"அப்ப?"

"காத்தை நம்பினது போதும். பெட்டியிலேர்ந்து இங்க வரைக்கும் கம்பி இழுக்கிறோம்."

வாடகை வீடு. சுவரில் துளை போட வீட்டுக்காரர் விடமாட்டார். அத்தை அண்ணாந்து பார்த்தாள். ஒவ்வொரு கதவுக்கு மேலும் காற்றுக்கென்று விட்ட இடைவெளி இருந்தது. மாமாவின் வெட்டு மேசையை நகர்த்திப் போட்டு அதன்மேல் முக்காலி வைத்து ஏறினாள். மாமா கீழே நின்று கம்பியை விட்டுக்கொடுத்தார். அங்கேதான் சிக்கல். இரண்டு கையிலும் கம்பி இருந்தால் பேச முடியாது. ஒவ்வொரு தடவை மாமாவைத் திட்டவேண்டி வந்தபோதும் அத்தை கம்பியை விடவேண்டியிருந்தது, கம்பி விழுந்தது, விழுந்ததற்காக மறுபடி திட்டவேண்டியிருந்தது. கடைசியில் மாமா கண்ணை மூடிக்கொண்டார். அது அந்த வீட்டில் காதைப் பொத்திக்கொள்வது மாதிரி. அதற்குப் பிறகு வேலை வேகமாக நடந்தது.

கம்பியை லேப்டாப்பில் செருகியதும் தொள்ளாயிரத்துச் சொச்சம் காட்டியது. அத்தை அந்த எண்ணை ஒரு பார்வை பார்த்துவிட்டு மூடினாள். அப்பாவை வீடியோவில் கூப்பிட்டு, மகளை வீட்டிலிருக்கும் எல்லாத் திரைகளிலும் படம் போடச் சொல்லிவிட்டு, விடாமல் கையை ஆட்டிக்கொண்டே இருந்தாள்.

"எவ்வளவு நேரம்மா உன் கையையே பாத்துக்கிட்டு இருக்கிறது?"

"நின்னா சொல்லுங்கண்ணே."

"நீ எப்பம்மா நின்னிருக்க?"

செக்கப் நாளன்று அத்தை கறுப்புச் சட்டை போட்டு நீலத் திரைக்கு முன்னால் உட்கார்ந்தாள். மேற்பார்வையாளரும் அழைப்பில் இருந்தார்; படம் அணைத்து, பெயர் மட்டும் ஓரத்தில். திரை திறந்தது. அந்தப் பெண் படுத்திருந்தாள். வயிறு முன்னைவிடப் பெரிதாகியிருந்தது. அவள் அத்தையின் முகத்தைப் பார்க்கவில்லை, கைகளையே பார்த்தாள்.

டாக்டர் வயிற்றில் கருவியை நகர்த்தினார். எடை சொன்னார், தலை இருக்கும் பக்கம் சொன்னார். கைகள் ஓடின. பிறகு அவர் ஸ்கேன் திரையைக் கொஞ்சம் திருப்பிவைத்துச் சொன்னார்: "இதயத் துடிப்பு நல்லா இருக்கு."

அத்தை குழந்தையைக் காட்டினாள். வலது கையை மார்பில் வைத்தாள். படுத்திருந்தவள் மூச்சை அடக்கிக்கொண்டது இங்கிருந்தே தெரிந்தது. படுக்கை விளிம்பை இறுகப் பிடித்திருந்தாள்.

கை மார்பிலிருந்து கிளம்பியது. துடிப்பு. நல்லா இருக்கு. ரொம்ப நல்லா இருக்கு.

அவள் விளிம்பை விட்டாள். ஓரத்தில் மேற்பார்வையாளர் எழுதிய வரி வந்து நின்றது: 'தெளிவாக இருக்கிறது. கேஸ் உங்களிடமே இருக்கட்டும்.' அத்தை அதைப் படிக்கவில்லை. அந்தப் பெண்ணின் கைகள் மேலே எழும்பிக்கொண்டிருந்தன.

"அக்கா, இன்னொரு தடவை சொல்லுங்க."

"புரியலையா?"

"புரிஞ்சுது. இன்னொரு தடவை."

டாக்டர் பசையைத் துடைக்கத் துணியை எடுத்திருந்தார். கொஞ்சம் பொறுங்கள் என்று அத்தை அவரிடம் சொன்னாள். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்து, மறுபடி முதலிலிருந்து, இந்த முறை மெதுவாக, கையை மார்பில் வைத்தாள்.