நாற்பத்தொன்றாம் பக்கம்

தவநாயகியின் மகன் நிருஜனுக்கு வயது இருபத்து நான்கு. அவன் வாயில் வருவது எண்கள் மட்டும், அதுவும் ஆங்கிலத்தில். எல்லாம் ஒரே புத்தகத்தின் பக்கங்கள். அவன் சின்னவனாக இருந்தபோது அப்டன் பார்க் கடைத்தெருவில் வாங்கிய பழைய படப்புத்தகம் அது. பன்னிரண்டு என்றால் பசி. அங்கே கரடி சூப் குடிக்கிறது. முப்பது என்றால் குளிர். தெரியாத எண்ணைச் சொன்னால் தவநாயகி புத்தகத்தை விரிப்பாள், அவன் படத்தில் விரலை வைப்பான். புத்தகம் கையில் இருக்கும்போது பாடமாக்கி வைக்க அவளுக்கென்ன விசரா?

அதைச் சரஸ்வதி பூசைக்கு வைத்ததும் அவள்தான். ஊர்ப் பிள்ளைகளின் புத்தகமெல்லாம் அவரவர் வீட்டுக் கும்பத்தடியில் இருக்க, தன் பிள்ளையுடையது மட்டும் அலுமாரியில் கிடப்பதா? ஒரு சொல்லாவது வரட்டும் என்று கும்பிட்டுவிட்டு அவல் குழைக்கப் போனாள். திரும்பி வந்தபோது விளக்குச் சரிந்து புத்தகம் எரிந்துகொண்டிருந்தது. ஈரத் துவாயைப் போட்டு அணைத்தாள். மிஞ்சியது மட்டை மட்டும். சரஸ்வதியோடு அவளுக்கு இன்னும் கோபம்.

கணவர் கனகலிங்கம் இணையத்தில் தேடி அதே கதையை எடுப்பித்தார். பிந்திய பதிப்புத்தான் கிடைத்தது. பழையதில் முழுப்பக்கப் படங்களுக்கு எண் இல்லை. எதிர்ப்பக்கத்து எண்தான் நிருஜனுக்குப் படத்தின் எண். புதியதில் படங்களையும் சேர்த்து எண்ணியிருந்தார்கள். போதாக்குறைக்குச் சில படங்களை நடுவில் குவித்து, சிலதை விட்டும் இருந்தார்கள். தவநாயகி தனக்குத் தெரிந்த பழைய எண்களை அந்தந்தப் படத்தில் எழுதி ஒட்டினாள். மற்றவை அவளுக்கும் தெரியாது.

ஒரு மத்தியானம் நிருஜன் சுவரோடு சாய்ந்து, "ஃபோட்டி வன்" என்றான். முகமெல்லாம் வியர்வை.

"எங்கை ராசா நோகுது? அம்மாவுக்குக் காட்டு."

"ஃபோட்டி வன்."

புதிய புத்தகத்தில் அந்த எண்ணை விரித்தாள். அந்தப் பக்கத்தில் வெறும் எழுத்து. அவன் தள்ளிவிட்டான். ஒவ்வொரு படமாகப் பிரட்டி, "இதுவோ? இதுவோ?" என்று கேட்டாள். ஒன்றிலும் விரல் வைக்கவில்லை. பெற்றோல் நிலையத்தில் ஷிப்டில் நின்ற கனகலிங்கத்துக்குப் போன் அடித்தாள்.

"இஞ்சாருங்கோ, நாப்பத்தொண்டிலை என்ன படம் இருந்தது?"

"எனக்கும் ஞாபகம் வரேல்லை, தவம். டொக்டரைக் கூப்பிடன்."

"என்னெண்டு சொல்லிக் கூப்பிடுறது?"

கூப்பிட்டாள்தான். வந்த டொக்டர் தொட்டுப் பார்த்து, உடம்பில் ஒன்றுமில்லை என்றார். குரல் அடைக்கும்வரை நிருஜன் அதையே சொன்னான், அவள் முகத்தைப் பார்த்துப் பார்த்துச் சொன்னான்.

"அம்மாவுக்கு விளங்கேல்லையடா" என்று அவள் குழறி அழுதாள்.

அவன் புத்தகத்தை வாங்கி, மூடி, அவள் மடியில் வைத்தான். அதன்பிறகு அவன் ஓர் எண்ணும் சொல்லவில்லை.