தூணோரம் நின்ற ஃபிரிட்ஜ்

எங்கள் அடுக்குமாடி புளோக்கில் யாராவது பழைய ஃபிரிட்ஜைக் கீழே இறக்கி வைத்தால் அது என் கண்ணுக்குத் தப்பாது. ஃபிரிட்ஜின் பின்பக்கம், அடியில், கறுப்பாகச் சின்னப் பானை அளவில் ஒன்று உட்கார்ந்திருக்கும். அதுதான் கம்ப்ரெசர். குளிர்ச்சிக்கான காஸை அழுத்தித் தள்ளுவது அதன் வேலை. காஸுக்குப் பதிலாக வெறும் காற்றைக் கொடுத்தாலும் அதே வேலையைச் செய்யும். காலியான தீயணைப்பு உருளை ஒன்றை அதனோடு இணைத்து, ஓர் அளவுகாட்டியும் அழுத்தம் மிஞ்சினால் தானே திறந்துகொள்ளும் வால்வும் மாட்டினால், வீட்டில் வைத்துக்கொள்ள ஒரு காற்று இயந்திரம் கிடைத்துவிடும்.

எனக்கு எதற்குக் காற்று என்று சொல்லிவிடுகிறேன். ஜூரோங்கில் ஒரு தொழிற்சாலையில் பொருள்களைச் சோதித்து அனுப்பும் பிரிவில் வேலை பார்க்கிறேன். அங்கே காற்று குழாய்த் தண்ணீர் மாதிரி சுவரிலிருந்து வரும். வீட்டில் எனக்கிருக்கும் ஒரே பொழுதுபோக்கு கொலு பொம்மைகளுக்கு வண்ணம் தீட்டுவது. தெரிந்தவர்கள் நிறம் போன பொம்மைகளைக் கொண்டுவந்து கொடுப்பார்கள். சாதாரணத் தூரிகையால் தீட்டினால் முகத்தில் கோடு விழும். காற்றின் விசையில் சாயத்தைப் புகைபோலத் தூவும் ஏர்பிரஷ் இருந்தால் கன்னம் கன்னமாகத் தெரியும். அதற்கென்று கடையில் வாங்கிய இயந்திரம் போட்ட சத்தத்தில் கீழ்வீட்டுக்காரர் படியேறி வந்துவிட்டார். ஃபிரிட்ஜ் கம்ப்ரெசர் ஓடுவது பக்கத்தில் இருப்பவருக்கே கேட்காது.

முதலில் செய்தது காற்றோடு எண்ணெயையும் கக்கி ஒரு சரஸ்வதியின் முகத்தைக் கெடுத்தது. அடுத்ததில் வடிகட்டி வைத்தேன். அது நன்றாகவே ஓடியது, பிறகு ஒருநாள் சூடேறி நின்றுபோனது. வேறொன்று தேடிக்கொண்டிருந்தேன்.

பழைய சாமான்கள் போடும் இடத்தில் குனிந்து நிற்பதில் எனக்கு எப்போதும் கூச்சம்தான். தெரிந்த முகம் வந்தால் கைத்தொலைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு யாரோடோ பேசுவதுபோல் நடிப்பேன். ஆனாலும் விட முடிந்ததில்லை.

அன்று சனிக்கிழமை காலை. சந்தையிலிருந்து வந்தபோது லிஃப்டுக்குப் பக்கத்துத் தூணோரமாக ஒரு ஃபிரிட்ஜ் நின்றிருந்தது. இரண்டு கதவு. அதனருகே ஓர் உடைந்த நாற்காலியும் நனைந்த மெத்தையும் ஏற்கெனவே கிடந்தன. மேலே போய் மீனை வைத்துவிட்டுக் கருவிப் பையை எடுத்தேன். யாருடையது என்று கேட்டாயா என்றார் கணவர். தூக்கிப் போட்டதை யாரிடம் கேட்பது என்று சொல்லிவிட்டு இறங்கினேன்.

பார்த்திருக்க வேண்டிய விஷயங்கள் எல்லாம் என் கண் முன்னால்தான் இருந்தன. கதவுகளை டேப் போட்டு ஒட்டியிருந்தார்கள். பிள்ளைகள் உள்ளே போய் மாட்டிக்கொள்ளக் கூடாதென்று ஒட்டியிருப்பார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உடம்பில் ஒரு கீறல் இல்லை. பின்பக்கத் தகட்டைக் கழற்றினால் செம்புக் குழாய்கள் முழுசாக இருந்தன. தூக்கிப் போட்ட ஃபிரிட்ஜ் என்றால் பெரும்பாலும் பழைய சாமான் எடுப்பவர்கள் செம்பை வெட்டிக்கொண்டு போயிருப்பார்கள், காஸ் எப்போதோ வெளியேறியிருக்கும். இதில் காஸ் இருந்தது. அதை இப்படித் திறந்துவிடக் கூடாது, முறைப்படி உறிஞ்சி எடுக்க ஆள் வர வேண்டும் என்பதும் எனக்குத் தெரியும். இவ்வளவு நல்ல கம்ப்ரெசர் இனிமேல் கிடைக்காது என்ற ஒரே நினைப்புதான் அப்போது இருந்தது. குழாய் வெட்டும் கருவியை மாட்டித் திருகினேன். உஸ்ஸென்று நீளமாகச் சத்தம் வந்து அடங்கியது. திருகாணிகளைக் கழற்றிக் கம்ப்ரெசரை வெளியே இழுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

லிஃப்ட் கதவு திறந்தது. முப்பது, முப்பத்தைந்து வயதில் ஒரு கணவனும் மனைவியும் வெளியே வந்தார்கள். அந்தப் பெண்ணுக்கு நிறைமாதம் போலிருந்தது. என் எண்ணெய்க் கையையும் மடியையும் பார்த்துவிட்டு அப்படியே நின்றாள்.

"அக்கா, என்ன பண்றீங்க?"

தூக்கிப் போட்டது என்று நினைத்தேன் என்றேன்.

"இது எங்க ஃபிரிட்ஜ் கா," என்றான் அந்தப் பையன். "இன்னிக்குத்தான் குடி வர்றோம். லிஃப்ட் சர்வீஸ் பண்ணாங்க, அதான் மூவர்ஸ் கீழேயே வெச்சுட்டுப் போயிருக்காங்க."

கேலாங்கிலிருந்து வருகிறார்களாம். மற்ற சாமான்களெல்லாம் லிஃப்ட் நிற்பதற்கு முன்பே மேலே போய்விட்டன. நாங்கள் இருக்கும் அதே தளத்தில், மூலை வீடு. மறுநாள் காலை பால் காய்ச்சுகிறார்கள், சொந்தக்காரர்கள் வருகிறார்கள். இதையெல்லாம் அந்தப் பெண் குற்றம் சாட்டுவதுபோல் சொல்லவில்லை. கல் இருக்கையில் மெதுவாக உட்கார்ந்துகொண்டு, என்ன செய்வதென்று தெரியாமல், தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தாள்.

கூட்டம் சேர அதிக நேரமாகவில்லை. தினமும் எனக்குக் கையசைக்கும் சீனப் பாட்டி நின்று பார்த்தார். சாப்பிடப் போயிருந்த மூவர்ஸ், சாமான்களை ஏற்றி இறக்கும் ஆட்கள், திரும்பி வந்தார்கள். ஒருவர் பின்பக்கத்தை எட்டிப் பார்த்துவிட்டு விசிலடித்தார். அந்தப் பையன் இன்னும் கோபப்படாமல்தான் கேட்டான்.

"விக்கிறதுக்கா கா?"

அந்தக் கேள்விதான் என்னை அடித்தது. செம்பு திருடுபவள் என்று நினைத்திருக்கிறான். அவன் நினைத்ததில் தவறென்ன? இல்லை தம்பி, பொம்மைக்குப் பெயிண்ட் அடிக்க என்றேன். அவனுக்குப் புரியவில்லை. கொலு, ஏர்பிரஷ், கீழ்வீட்டுக்காரர், சத்தம் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனேன். சொல்லச் சொல்ல அது அப்பட்டமான பொய்போல் என் காதிலேயே விழுந்தது. பாதியில் நிறுத்திக்கொண்டேன். கம்ப்ரெசர் இன்னும் என் மடியில் இருந்தது. கீழே வைக்க வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை.

நான் வரவில்லையே என்று கணவர் இறங்கி வந்தார். ஒருமுறை சுற்றிலும் பார்த்தார், அவருக்கு விளங்கிவிட்டது. அந்தப் பையனிடம் போய்,

"தம்பி, எங்க வீட்டு ஃபிரிட்ஜ் நல்லாத்தான் ஓடுது. இப்பவே அதை உங்க வீட்டுல கொண்டாந்து வெச்சிடறோம். மத்ததைப் பிறகு பேசிக்கலாம்," என்றார்.

அதை நான் அல்லவா சொல்லியிருக்க வேண்டும். எனக்குத் தோன்றவே இல்லை.

அவர்கள் வேண்டாமென்று மறுத்துப் பார்த்தார்கள், அவர் விடவில்லை. எங்கள் ஃபிரிட்ஜைக் காலி செய்தோம். இட்லி மாவு, முதல்நாள் குழம்பு, அன்று வாங்கிய மீன் எல்லாம் சமையல்கட்டுத் தரையில் வரிசையாக நின்றன. அடியில் துரு பிடித்திருந்தது. கதவில் ஒட்டியிருந்த ஸ்டிக்கர்களைச் சுரண்டியும் முழுதாகப் போகவில்லை. இறால் விழுது போட்டு அரைத்த சம்பால் பிளாச்சான் வாடைக்கு எலுமிச்சை போட்டுத் தேய்த்தேன், கொஞ்சம் குறைந்தது. மூவர்ஸ் தங்கள் தள்ளுவண்டியில் அதை ஏற்றி நடைபாதையோடு உருட்டிக்கொண்டு போனார்கள். என் வீட்டுக்குள் இருந்த ஒன்றை அத்தனை வாசல்களும் பார்த்தன. துடைத்த துணியைக் கையில் பிடித்துக்கொண்டு நான் பின்னால் நடந்தேன்.

மறுநாள் பால் காய்ச்சுவதற்கு எங்களையும் கூப்பிட்டிருந்தார்கள். நான் வரவில்லை என்றேன். போகாமல் இருந்தால் இன்னும் கேவலம் என்றார் கணவர். போனோம்.

கூடம் நிறைய ஆட்கள். சமையல்கட்டு வாசலில் எங்கள் ஃபிரிட்ஜ் நின்றது, சந்தனப் பொட்டும் குங்குமமும் வைத்திருந்தார்கள். அந்தப் பெண்ணின் மாமியார் என் கையைப் பிடித்து இழுத்துப்போய் நடுவில் உட்கார வைத்தார். பெரிய குரல் அவருக்கு. வந்திருந்த எல்லாரும் கேட்கும்படி சொன்னார்.

"இவங்கதான். பிள்ளைங்களோட ஃபிரிட்ஜ் ரிப்பேராயிடுச்சுன்னு, முகம்கூடத் தெரியாதவங்களுக்குத் தன்னோட ஃபிரிட்ஜையே தூக்கிக் கொடுத்திருக்காங்க. இந்தக் காலத்துல யாரு செய்வா?"

ரிப்பேராயிடுச்சு. அப்படித்தான் அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். நான் அந்தப் பெண்ணைத் தேடிப் பார்த்தேன். யாருக்கோ பாயசம் ஊற்றிக்கொண்டிருந்தவள் என் பார்வையைச் சந்தித்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

சொல்லிவிட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன். சத்தியமாக அப்படித்தான். ஆனால் என் வாயிலிருந்து வந்தது, "அதெல்லாம் ஒண்ணும் இல்லைங்க" என்பதுதான். பார்த்தீர்களா, எவ்வளவு அடக்கம் என்றார் மாமியார். யாரோ ஒரு பெரியவர் என்னைப் பார்த்துக் கைகூப்பினார். என் தட்டில் இன்னொரு வடை விழுந்தது. என் கணவர் ஜன்னல் வழியாகச் செங்காங் ரயில் பாதையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அவர் காது சிவந்திருந்தது. வடையை முழுவதும் தின்றேன். மிச்சம் வைத்தால் ஏன் என்று கேட்பார்களோ என்று பயம்.

கிளம்பும்போது அந்தப் பெண் வாசல்வரை வந்தாள். ஏன் மாமியாரிடம் உண்மையைச் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"வந்த முதல் நாளே பக்கத்துல இருக்கிறவங்கள அசிங்கப்படுத்திட்டு, அப்புறம் எப்படி லா இங்க குடியிருக்கிறது?" என்றாள். பிறகு, அந்த மோட்டார் எங்கே என்று கேட்டாள். செய்தித்தாளில் சுற்றி மேசைக்கு அடியில் வைத்திருக்கிறேன் என்றேன். அதை என்ன செய்யப் போகிறேன் என்று கேட்டாள். தூக்கிப் போடவும் மனசு வரவில்லை என்றேன்.

"செஞ்சு முடிச்சிடுங்க கா. சும்மா கிடந்தா இன்னும் கஷ்டமா இருக்கும்," என்றாள்.

அடுத்த வாரம் அவர்கள் வீட்டுக்குப் புது ஃபிரிட்ஜ் ஒன்று வாங்கிக் கொடுத்தோம். எங்களுடையது எங்களிடமே திரும்பி வந்தது, குங்குமத்தோடு. கம்ப்ரெசரைத் தொட எனக்குப் பல மாதங்கள் ஆயின. தேக்கா சந்தைக்குப் பின்னால் இருக்கும் இரும்புச் சாமான் கடையில் அளவுகாட்டியும் வால்வும் வாங்கினேன். உருளையில் தண்ணீர் நிரப்பி அழுத்தம் கொடுத்துக் கசிவு பார்த்தேன். மாட்டி முடித்துச் சுவிட்சைப் போட்டபோது ஓடுகிறதா என்று கை வைத்துப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. நான் செய்ததிலேயே நல்ல இயந்திரம் இதுதான். அதை யாரிடமும் காட்டியதில்லை. யாராவது வந்தால் மேல் ஒரு துண்டைப் போட்டு மூடிவிடுகிறேன்.

அந்தப் பெண்ணுக்கு மகன் பிறந்து இப்போது நடைபாதையில் ஓடுகிறான். அவளும் அவள் கணவனும் என்னைப் பார்த்தால் சாதாரணமாகப் பேசுகிறார்கள், அந்தச் சனிக்கிழமையைப் பற்றி ஒரு வார்த்தை எடுத்ததில்லை. மாமியார்தான் விடுவதாயில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் பேரனைப் பார்க்க வருவார். லிஃப்டில் நான் அவரிடம் மாட்டிக்கொண்டால், கூட நிற்பவர் யாராக இருந்தாலும், மலாய்க்காரராக இருந்தாலும்கூட, தனக்குத் தெரிந்த மலாயில் என் பெருமையைச் சொல்வார். அவர்கள் என்னைப் பார்த்துப் புன்னகைப்பார்கள். சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு முறையும் நினைக்கிறேன். சொன்னால் மருமகள் சொன்ன பொய் வெளிவருமே என்று ஒரு சாக்கும் கைவசம் இருக்கிறது. அது சாக்கு என்பது எனக்கு நன்றாகவே தெரியும்.

இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமைகளில் நான் படியில்தான் இறங்குகிறேன். மருத்துவர் நடக்கச் சொன்னார் என்று வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன்.