ஓரம் கட்டியாச்சா?

அந்த டாக்ஸி ஆபீசில் போன் எடுக்கிற பெண்மணிக்கும் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. சம்பளக் கையெழுத்தைத் தவிர வேறெதற்கும் அது பயன்பட்டதில்லை. டிரைவர்கள் நேரில் "அக்கா" என்பார்கள். அவள் காதுக்கு எட்டாத தூரம் போனதும் "ஓரங்கட்டி" என்பார்கள். எந்த டிரைவரைப் போனில் கூப்பிட்டாலும் அவள் கேட்கிற முதல் கேள்வி, "ஓரம் கட்டியாச்சா?" வணக்கமும் கிடையாது, நலம் விசாரிப்பும் கிடையாது. வண்டி சாலையோரம் நின்றால்தான் சவாரி விவரம் வாயிலிருந்து வரும்.

அவளை ஏமாற்றவும் முடியாது. ஓட்டிக்கொண்டே "கட்டியாச்சுக்கா" என்று புளுகுகிறவர்கள் உண்டு. "நிக்கிற வண்டிக்கு எதுக்குப்பா கியர் மாத்தறே?" என்று கேட்டுவிட்டு லைனைத் துண்டித்துவிடுவாள். சவாரி அடுத்தவருக்குப் போய்விடும். இண்டிகேட்டரின் டிக் டிக், டயருக்கடியில் ஜல்லி நெரிபடுவது, கடைசியில் கை பிரேக் இழுபடும் கறுக் சத்தம், இவ்வளவும் வரிசையாகக் கேட்டால்தான் அவளுக்கு மூச்சு சீராகும்.

முதலாளிக்கு இது பெரிய தலைவலி. "அவன் ஓரம் கட்டி, நீ பேசி, அவன் மறுபடி கிளம்பறதுக்குள்ள கஸ்டமர் நடந்தே வீடு போய்ச் சேர்ந்துடுவாரும்மா" என்பார்.

"சேரட்டும் சார். முழுசா போய்ச் சேருவார்ல?" என்பாள். அவர் அதோடு விட்டுவிடுவார். காரணம் அவருக்குத் தெரியும்.

அவள் வீட்டுக்காரரும் அதே ஆபீசில் டிரைவராக இருந்தவர்தான். சில வருஷங்களுக்கு முன் ஒரு நாள் அவள் வேலை முடிந்து வீட்டுக்குப் போனால், கையில் சாவி இல்லை. பூட்டின கதவுக்கு முன்னால் நின்றுகொண்டு அவரைக் கூப்பிட்டாள். அவர் போனை எடுத்து "சொல்லு" என்றார். எடுக்கும்போது கண் ஒரு நொடி போன் பக்கம் போயிருக்கிறது. முன்னால் போன லாரி நின்றதை அவர் பார்க்கவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் கண்ணைத் துடைக்கக் கைக்குட்டை தேடியபோது, கைப்பையின் அடியில் அதே கைக்குட்டைக்குள் சாவி இருந்தது.

இடுப்பும் முதுகும் போயின. உயிர் தங்கியது, வாய் அதைவிட நன்றாகத் தங்கியது. இப்போது அவர் வாக்கர் பிடித்து நடக்கிறார். நடப்பதைவிட அதிகமாகக் கேலி பேசுகிறார். அவள் எதையாவது சொல்ல வந்து தயங்கி நின்றால் போதும், "என்ன, சாவி கிடைச்சுதா?" என்பார். அவள் முகம் சுருங்கினால், "கூப்பிட்டது நீ, ஆனா எடுத்தது நான், ரோட்டைப் பார்க்காததும் நான். நடுவுல வந்து எதுக்குப் பங்கு கேக்கறே?" என்பார். அந்தக் கேலிக்கு அவள் ஒரு தடவைகூடச் சிரித்ததில்லை. அவர் எந்த வண்டியில் உட்கார்ந்திருந்தாலும், பின் சீட்டில் சும்மா இருந்தாலும்கூட, போனில் கூப்பிடுவதும் இல்லை.

ஆபீஸ் வண்டிகளைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். எல்லாம் வெள்ளை, எல்லாம் ஒரே மாடல், எல்லாம் பழசு. ஏற்கெனவே இரண்டு திருட்டுப் போயிருந்தன. முதல் வண்டி போனபோது முதலாளிக்குத் தாங்கவில்லை. "எதிர் பில்டிங்ல பளபளன்னு வெளிநாட்டு வண்டி நிக்குது. அதை விட்டுட்டு என் ஓட்டை வண்டியையா தூக்குவான்?" என்று புலம்பினார். திருடனின் ரசனை கெட்டுவிட்டதே என்பதுதான் அவருடைய பெரிய வருத்தம் போலிருந்தது.

போலீசுக்குப் பதில் சொல்லிச் சொல்லி அவளுக்கு அந்தக் கணக்கு புரிந்துவிட்டது. திருடனுக்கு வண்டியின் அழகு எதற்கு? அவனும் கடைக்காரன் மாதிரிதான், எது சீக்கிரம் விலைபோகுமோ அதைத்தான் எடுப்பான். தெருவுக்குப் பத்து ஓடுகிற மாடல் என்றால் அதன் கதவுக்கும் விளக்குக்கும் பம்பருக்கும் தினமும் யாராவது அலைந்துகொண்டிருப்பார்கள். வெளிநாட்டு வண்டியின் கதவைக் கழற்றி வைத்துக்கொண்டு யாரிடம் போய் நிற்பது? தவிர, பழைய மாடலுக்குப் பூட்டு பெயருக்குத்தான். கூட்டத்தில் கலந்துவிட்டால் எந்த வெள்ளை யாருடைய வெள்ளை என்று சொந்தக்காரனுக்கே தெரியாது. இத்தனைக்கும் மேலாக, டிரைவர்கள் ஏசிக்காக எஞ்சினை ஓடவிட்டுவிட்டு இறங்குகிற வழக்கம் ஒன்று இருந்தது. அப்புறம் திருடனுக்கு என்ன கஷ்டம்? ஏறி உட்கார்ந்தால் வேலை முடிந்தது.

ஒரு நாள் மத்தியானம் அப்படித்தான் நடந்தது.

பிசியோதெரபி முடிந்து வீட்டுக்காரரை ஆபீஸ் வண்டி ஒன்று வீட்டுக்கு அழைத்துப் போய்க்கொண்டிருந்தது. ஓட்டியவர் பெயர் அவசரம். எதிலும் அவசரம் என்பதால் வந்த பெயர். போகிற வழியில் வீட்டுக்காரருக்கு மாத்திரை வாங்க மருந்துக்கடை முன்னால் நிறுத்தினார். பின் சீட்டில் அவர் முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு குறுக்காகப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். வலி மாத்திரையின் தூக்கம். மனுஷனுக்குப் புழுங்கக் கூடாதே என்று எஞ்சினையும் ஏசியையும் ஓடவிட்டு இறங்கினார் அவசரம். நல்ல மனசுதான், ஆனால் புத்தி அதற்கு ஒத்துழைக்கவில்லை.

மருந்துக்கடைப் போனிலிருந்து அவளைக் கூப்பிட்டார். "அக்கா, வண்டி போச்சுக்கா. எவனோ எடுத்துட்டுப் போயிட்டான். அண்ணன் உள்ளே தூங்கறார்க்கா."

அவள் எழுந்து நின்றாள். ஏன் நின்றோம் என்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்தாள்.

முதலாளி போலீசுக்குச் சொல்லிவிட்டு ஓடி வந்தார். அவசரத்தின் போன் வண்டியிலேயே ஸ்டாண்டில் மாட்டியிருந்தது. அதனால் அவள் மேஜைமேல் இருந்த கம்ப்யூட்டர் வரைபடத்தில் வண்டி ஒரு பச்சைப் புள்ளியாக நகர்ந்துகொண்டிருந்தது.

"உடனே போன் போடு. 'போலீஸ் பின்னாடியே வருது, உள்ளே ஆள் இருக்கு'ன்னு கத்து. பயந்து விட்டுட்டு ஓடிடுவான்" என்றார் முதலாளி.

"கத்தினா அவன் என்ன பண்ணுவான் சார்?"

"நின்னுடுவான்."

"நிக்க மாட்டான். திரும்பிப் பின் சீட்டைப் பார்ப்பான். வண்டி பாட்டுக்குப் போய்க்கிட்டே இருக்கும்."

கூப்பிட்டால் அவன் கண் போனுக்குப் போகும். கூப்பிடாவிட்டால் எவனோ ஒருத்தன் பயத்தில் விரட்டுகிற வண்டியில், போலீஸ் துரத்தலுக்கு நடுவில், அவள் வீட்டுக்காரர் ஒன்றும் அறியாமல் தூங்கிக்கொண்டிருப்பார். எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்த லாரியின் முதுகுதான் அவள் கண்ணில் தெரிந்தது.

புள்ளியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெரிய சந்திப்பில் அது நின்றது. சிவப்பு விளக்காக இருக்க வேண்டும். அந்த நிமிஷமே கூப்பிட்டாள். மணி அடித்தது, அவன் கட் செய்தான். புள்ளி நகர்ந்ததும் அவள் கையைப் போனிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"மறுபடி போடும்மா!"

"ஓடுது சார்."

அடுத்த சிக்னலில் புள்ளி நின்றது. மறுபடி கூப்பிட்டாள். இந்தத் தடவை அவன் பட்டனை மாற்றி அழுத்தினானோ என்னவோ, லைன் ஸ்பீக்கரில் திறந்துகொண்டது. எஞ்சின் சத்தம். ஏசி சத்தம். அதற்கு அடியில், அவளுக்கு மட்டுமே அடையாளம் தெரிகிற மெல்லிய குறட்டை.

"ஓரம் கட்டியாச்சா?" என்றாள். அவளாக யோசித்துச் சொன்னதில்லை, பழக்கத்தில் வந்தது.

"யாரு? யாரும்மா நீ?" சின்ன வயசுக் குரல், நன்றாகப் பயந்திருந்தது.

"டாக்ஸி ஆபீஸ். பச்சை விழுந்துடுச்சா தம்பி? பின்னால ஹாரன் அடிக்கறாங்க. நேரே பார்த்து ஓட்டு, போனைப் பார்க்காதே."

"போனை வைம்மா! வைக்கிறியா இல்லையா!" ஏதோ பிளாஸ்டிக்கைப் பிடித்து இழுக்கிற சத்தம் கேட்டது. பக்கத்தில் ஒரு வண்டி கிறீச்சிட்டு விலகியது.

அவள் குரலை இன்னும் தணித்தாள். "தம்பி, அந்தப் போனைப் பிடுங்கி வெளியே போடணும், அவ்வளவுதானே? தாராளமா போடு. ஆனா அந்த ஸ்டாண்டு ஒரு கையால கழறாது. எங்க முதலாளி மலிவாக் கிடைக்குதுன்னு வாங்கினது. எங்க டிரைவர்களே அதோட மல்லுக்கட்டுவாங்க. ரெண்டு கையும் வேணும். ஓரமா நிறுத்திட்டு நிதானமா எடு. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

முதலாளி தலையில் கையை வைத்துக்கொண்டார். "போனைத் தூக்கிப் போடச் சொல்றியா? அப்புறம் வண்டி எங்கேன்னு எப்படித் தெரியும்?" என்று வாயசைத்தார். அவள் அவர் பக்கம் திரும்பவே இல்லை.

போனில் கொஞ்ச நேரம் வெறும் எஞ்சின்தான் கேட்டது. பிறகு டிக் டிக் டிக். திருட்டு வண்டியை ஓரம் கட்டும்போதும் அவன் இண்டிகேட்டர் போட்டான். யார் பெற்ற பிள்ளையோ, ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் ஒழுங்காகத்தான் கற்றுக்கொடுத்திருக்கிறார். டயருக்கடியில் ஜல்லி நெரிபட்டது. அவள் இன்னும் வாயைத் திறக்கவில்லை. கறுக்கென்று கை பிரேக் இழுபட்டது.

"இப்ப திரும்பிப் பின் சீட்டைப் பாரு தம்பி" என்றாள்.

அப்புறம் "அய்யய்யோ!" என்று ஒரு அலறல். அதில் குறட்டை நின்றது.

"யாருப்பா நீ? அவசரம் எங்கே?" தூக்கம் கலையாத குரல்.

"அண்ணே... எனக்குத் தெரியாதுண்ணே. சத்தியமா ஆள் இருக்குன்னு தெரியாதுண்ணே!" கதவு படாரென்று திறந்தது. காலடிகள் ஓடித் தேய்ந்தன.

முதலாளி கம்ப்யூட்டரைப் பார்த்தபடி போலீசிடம் இடத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார். நாற்காலியில் மோதிக்கொண்டதுகூட அவருக்குத் தெரியவில்லை. அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்தப் பக்கம் சீட்டு முனகியது. படுத்திருப்பவர் எழுந்து உட்கார அவருக்கு எவ்வளவு நேரம் ஆகும், எந்த இடத்தில் வலிக்கும், எங்கே பல்லைக் கடிப்பார் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. "ஏங்க" என்று கூப்பிடலாம். வாய் வரவில்லை. வண்டியில் இருக்கிறவரிடம் போனில் பேசி வருஷக்கணக்காகிறதே.

"யாரு லைன்ல? நீயா?" என்றார் அவர்.

"ம்" என்றாள்.

அவர் சுற்றுமுற்றும் பார்த்திருக்க வேண்டும். திறந்து கிடக்கிற கதவு, காலியான டிரைவர் சீட்டு, தெரியாத தெரு. அவர் டிரைவர் அல்லவா, யாரும் விளக்கத் தேவையிருக்கவில்லை. மெதுவாக ஒரு பெருமூச்சு கேட்டது.

"ஓரம் கட்டியாச்சு" என்றார். "சாவி வண்டியிலேயே தொங்குது. உன் பையில தேடாதே."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அந்தக் கேலிக்கு வந்த முதல் சிரிப்பு. அது பாதி தூரம்கூட வரவில்லை. மேஜைமேல் தலையைச் சாய்த்துக்கொண்டு, முதலாளி இருக்கிறார், மற்ற லைன்களில் மணி அடிக்கிறது என்றெல்லாம் பார்க்காமல், வாய்விட்டு அழுதாள். அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் அழுது தீராததும் அதில் சேர்ந்திருந்தது.

அவர் லைனிலேயே இருந்தார். தடுக்கவில்லை, சமாதானமும் சொல்லவில்லை. அவள் விசும்பல் கொஞ்சம் தணிந்து, கட்டுப்படுத்திக்கொண்டு பேச முயன்றபோதுதான் குறுக்கிட்டார்.

"ஒண்ணும் அவசரமில்லை. நான் வண்டி ஓட்டல. நீ மெதுவா அழுது முடி."