பார் இருந்த இடத்துப் படி

செம்மேட்டில் மூடிப்போன பார் இருந்த கட்டடத்தில்தான் என் மருந்துக்கடை. போர்டு மாற்றி ஒரு வருஷமாகியும் ஒரு பெரியவருக்கு மட்டும் அது உறைக்கவே இல்லை. சாயங்காலமானால் வாழவந்தி நாட்டிலிருந்து வரும் பஸ்ஸில் வந்திறங்கி, என் கடைப் படியின் நட்டநடுவில் உட்கார்ந்துவிடுவார். காது நிறைய நரைமுடி. பார் காலத்துப் பழக்கமாம், சட்டைப்பையிலிருந்து மிளகை ஒவ்வொன்றாக எடுத்துக் கடிப்பார். மாத்திரை வாங்க வரும் பெண்கள் அவரைச் சுற்றிக்கொண்டு ஏற வேண்டும்.

ஒருநாள் பொறுக்காமல் கத்திவிட்டேன். "பார்தான் மூடியாச்சே, இங்க இன்னும் என்னங்க வேலை?"

"இங்க குடிக்கையிலதானுங்க எம் பங்காளி என்னைத் திருடன்னு சொன்னான். மன்னிப்பும் அவன் இங்கயே வந்துதான் கேக்கோணும்."

எதிர் டீக்கடையில் அந்தப் பங்காளியும் தினமும் வந்து முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவருக்கும் மன்னிப்பு வேண்டுமாம்.

"நானே கூட்டிட்டு வர்றேன், இன்னிக்கே பேசி முடிங்க" என்று படியிறங்கினேன்.

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "வேண்டாஞ் சாமி. சமாதானமாயிட்டா அப்புறம் நாங்க ரெண்டு பேரும் எதுக்குங்க இங்க வாரது?"

மறுநாள் ஓரமாக ஒரு ஸ்டூல் போட்டுக் கொடுத்தேன். அங்கிருந்து பார்த்தால் டீக்கடை தெரியவில்லை என்று படிக்கே திரும்பிவிட்டார்.