மேல் வரிசையும் கச்சான் பையும்

டொரன்டோவில் பேஸ்பால் பார்ப்பதற்கான டிக்கெட் விலையைக் பார்த்ததும் கைபேசியைக் கவிழ்த்து வைத்தேன். கூட்டிப்போவதாக மகளுக்கு வாக்குக் கொடுத்திருக்கக் கூடாதோ என்று யோசிக்கையில், அம்மா கச்சான் கடலை வறுக்கும் மணம் குசினியிலிருந்து வந்தது.

என் சிறுவயதில் நாங்கள் இருக்கும் மொன்றியலிலேயே ஒரு பேஸ்பால் அணி இருந்தது. அப்பா என்னை மெத்ரோ ரயிலில் கூட்டிப்போவார். ஆக மலிவான, ஆக மேலே உள்ள வரிசையில் இருப்போம். அவருடைய ஜாக்கெட்டுக்குள் அம்மா வறுத்த கச்சான் சூடாக இருக்கும். யாழ்ப்பாணத்தில் கிரிக்கெட் ஆடியவர் அவர். பந்து மட்டையில் பட்டுப் பின்னால் பறந்தால், கிரிக்கெட்டில் நாலு ஓட்டம் கிடைத்ததுபோல எழும்பி நின்று, "நாலு!" என்று கத்துவார்.

"அப்பா, இருங்கோ! இங்க அது கணக்கில்லை. எல்லாரும் பாக்கினம்."

"பாக்கட்டும் பிள்ளை. நல்ல அடி எல்லே!"

நான் வெட்கத்தில் கச்சான் பைக்குள் முகத்தை ஒளிப்பேன்.

டொரன்டோ டிக்கெட்டை நான் வாங்கவில்லை. அன்று மாலை எல்லோருமாக வீட்டுக்குப் பக்கத்தில் ரொக்ஸ்பரோ பூங்காவில் நடந்த இலவச பேஸ்பால் ஆட்டத்துக்குப் போனோம். மகள் முகத்தைத் தூக்கிவைத்திருந்தாள். நான் செய்தது சரிதானா என்று தெரியவில்லை. அப்போது ஒரு பந்து பின்னால் பறந்தது. அப்பா முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழும்பினார்.

"நாலு!"

"ஐயோ அம்மா, அம்மப்பாவை இருக்கச் சொல்லுங்கோ!"

நான் கச்சான் பையை மகளிடம் நீட்டினேன்.